பேனரைக் கிழித்ததும் வந்த தண்ணீர்

வைத்தியநாத சுவாமியை நம்பி வாழும் அடியார்களே, உங்களில் பலர் அழுது கேட்டிருப்பீர்கள், விரதமிருந்து கேட்டிருப்பீர்கள். நான் திட்டிக் கேட்டேன். சாமியை நீ, வா, போ என்று பேசினேன். அவர் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நடுநடுவே சில மனிதர்களையும் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வருஷம் ஒன்று ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

என் பெயர் கோமதி. வயது நாற்பத்து நான்கு. பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், வாக்கப்பட்டது இராஜபாளையம். பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் துணி சோதித்து அனுப்பும் வேலை பார்க்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் வந்தது. நடக்கச் சொன்னார்கள். நடந்தால் முழங்கால் வலித்தது. தம்பி மகன் நாலு நாள் ஓட்டிவிட்டு மூலையில் போட்டிருந்த மவுண்டன் பைக் ஒன்று கிடந்தது. எடுத்தேன். தெருவே சிரித்தது. "கோமதியக்கா ரேசுக்குப் போறாவ" என்று சொல்லாத வாய் இல்லை. சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே இருக்க, எனக்குச் சர்க்கரை இறங்கியது.

சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சைக்கிளிலேயே உன் சன்னதிக்கு வருகிறேன் என்று சாமியிடம் வேண்டியிருந்தேன். ஆனால் என் வீட்டிலிருந்து அவர் கோயில் இருக்கும் மடவார் வளாகத்துக்கு எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாரம் ஒருமுறை சும்மாவே போய் வருகிறேன். அதை வேண்டுதல் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் கிழக்கே சுற்றிப் போவது என்று முடிவு செய்தேன். சத்திரப்பட்டி, ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். இடையில் கரிசல் காட்டு வண்டிப்பாதைகள். சுற்றி வளைத்துப் போனால் தொண்ணூறு கிலோமீட்டர் வரும். தனியாகத்தான் போவேன் என்றும் சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டேனா? இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும்போது வழியில் யார் என்ன கொடுக்கிறார்களோ அதை மட்டும் வாங்கிச் சாப்பிடுவேன், கடையில் வாங்க மாட்டேன். அந்தப் பழக்கத்தில், இந்தப் பயணத்திலும் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கக் கூடாது, வீட்டிலிருந்து கொண்டுபோவது தீர்ந்தால் தண்ணீர்ப் பந்தலில் தானமாக வைத்த தண்ணீரை மட்டும்தான் குடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. என் புத்தி அப்படிப் போனது.

ஏன் அவ்வளவு தைரியம் என்று கேட்பீர்கள். அந்தச் சித்திரையில் எங்கள் வாட்ஸப் குழுக்களில் தினமும் ஒரு பந்தல் திறந்தார்கள். ரிப்பன் வெட்டுகிற போட்டோ, தர்பூசணி கொடுக்கிற போட்டோ, மோர் டம்ளரை நீட்டுகிற போட்டோ. வாங்குகிறவர் முகம் தெரியாது, கொடுக்கிறவர் பல் மட்டும் தெரியும். நான் ஒரு பைத்தியக்காரி, அந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தேன். என் வழியில் ஐந்து பந்தல் வந்தது. பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்று. போதாதா? கையில் ஒரே ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். அன்று பிரதோஷம். சாயங்காலம் அபிஷேகத்துக்கு முன்னால் சன்னதியில் நிற்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் போய் நிழலில் உட்காரலாம் என்பது என் கணக்கு. நாலரைக்கு எழுந்தால் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வருகிற நாளில் பிடித்து வைக்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை திண்டாட வேண்டும். குடம், டிரம், அண்டா, பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்ததால் அவள் குடங்கள், எல்லாம் நிரப்பினேன். என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும், "தோசை ஊத்திட்டுப் போயேன்" என்றார். ஊற்றினேன். கிளம்பும்போது மணி எட்டு. வீடு நிறையத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, ஒரு பாட்டிலோடு நான் வெயிலுக்குப் போனேன். இதை நினைத்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முதல் பந்தலுக்குப் போகும்போதே பாட்டிலில் பாதி தீர்ந்துவிட்டது. பந்தலில் மூன்று பானைகள் மணல் மேல் அழகாக உட்கார்ந்திருந்தன. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் கட்டிய வலை இல்லை.

சரி, அடுத்ததில் இருக்கும் என்று மிதித்தேன். வழியில் கருவேல முள் ஏறி டயர் பஞ்சர். ஒட்டி முடித்து, கொஞ்ச தூரம் போனால் பின் டயரிலும் முள். நிழல் இல்லாத இடத்தில் உட்கார்ந்து இரண்டாவது முறை ஒட்டுவதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பாட்டில் காலி.

இரண்டாவது பந்தலில் பானையே இல்லை. கம்பும் கீற்றும் பேனரும்தான் நின்றன. பக்கத்திலேயே ஒரு பெட்டிக்கடை. ஐஸ் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்கள் வேர்த்துப்போய்க் கிடந்தன. கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"குடிங்கக்கா. மூஞ்சியெல்லாம் செவந்துருக்கு."

"வேண்டாம்மா. வேண்டுதல். பந்தல் தண்ணிதான் குடிக்கணும்."

"பந்தலா? அதுல ஒரு நாள்தான் தண்ணி இருந்துச்சு. போட்டோ புடிச்சாவ, பானையைத் தூக்கிட்டுப் போயிட்டாவ. எக்கா, காசு கொடுத்து வாங்காதன்னு சாமியா உங்க காதுல வந்து சொல்லிச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்! என் பக்தியை இவள் என்ன கேள்வி கேட்பது என்று சைக்கிளை எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் எழுத்தில் கேட்கிறேன்.

ஆலங்குளம் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கினேன். கரிசல் காட்டைக் கோடையில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பருத்தி எடுத்து, மார் என்கிற காய்ந்த செடியையும் பிடுங்கிவிட்டால் அது காடு இல்லை, பாலைவனம். கால் நுழைகிற அளவுக்குத் தரை வெடித்துக் கிடக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனித உருவம் இருக்காது, ஆடுகூட அந்த நேரத்தில் வெளியே வராது. கீழிருந்தும் அனல், மேலிருந்தும் அனல். ஹேண்டில் கம்பியைத் தொட்டால் கை பொசுங்கியது. வீட்டுக்காரருக்குப் போன் போடலாம் என்று எடுத்தால், போன் சூடாகித் தானாகவே அணைந்துவிட்டது. எத்தனை முறை அமுக்கியும் உயிர் வரவில்லை.

அப்புறம் ஒன்று நடந்தது. வேர்ப்பது நின்றுவிட்டது. பரவாயில்லை, வெயில் குறைந்துவிட்டது போல என்று நினைத்தேன். அந்த வெயிலில் என் கையில் மயிர்க்கூச்செடுத்தது. தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். காலையில் சாப்பிட்ட தோசை வெளியே வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை, விழுங்குவதற்கு எச்சிலே இல்லை. திரும்பிப் போகலாமா என்றால் வந்த தூரம் அதிகம். முன்னால் மூன்றாவது பந்தலின் பேனர் தெரிந்தது. வண்டிப்பாதை தார் ரோட்டில் ஏறுகிற முக்கில் பெரிய பேனர். உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

நான்கு பானைகள், நான்கும் கவிழ்ந்து கிடந்தன. எவர்சில்வர் டம்ளர் மட்டும் சங்கிலியில் கட்டித் தொங்கியது. அடியார்களே, டம்ளர் களவு போய்விடக் கூடாது என்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்! தண்ணீரைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. மேலே கூரைக் கீற்றுகூட இல்லை, காற்றில் போயிருக்க வேண்டும். பேனர் மட்டும் புத்தம் புதிதாக நான்கு முனையிலும் இறுக்கிக் கட்டியிருந்தது. யாரோ ஒரு தலைவர் கை கூப்பிச் சிரிக்கிறார். தாகம் தீர்க்க வருக என்று கொட்டை எழுத்து. எந்த அமைப்பு, யார் என்று எழுத மாட்டேன். எல்லோரும் வைக்கிறார்கள், எல்லோரும் மறக்கிறார்கள்.

அங்கே கால் மடங்கி விழுந்தேன். சைக்கிள் என் மேல் விழுந்தது. அதைத் தள்ளக்கூடத் தெம்பில்லை. நான் சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்குப் பிறந்த ஊர்ச் சாமி ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாச்சி ஒருத்தி தாகத்தில் துடித்தபோது, பேறுகாலம் பார்க்க வந்த பெண் வேஷத்தில் சாமியே தரையை விரலால் கீறித் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார் என்று மடவார் வளாகத்தில் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். வாய் வராமல் மனசுக்குள் கத்தினேன்.

"நீயெல்லாம் ஒரு வைத்தியனா? அவளுக்குத் தரையைக் கீறித் தண்ணி குடுத்தியாமே, இங்க தரை தன்னாலயே கீறிக் கெடக்கே, கண்ணு தெரியலையா? இன்னிக்குச் சாயங்காலம் உன் தலையில குடம் குடமா ஊத்துவாவ. பாலு, தயிரு, எளநி. எனக்கு ஒரு டம்ளர் தண்ணி இல்ல. நான் உன் வளாகத்துப் பிள்ளை. நான் இங்க செத்தா, நாளப்பின்ன எவ உன்னை நம்பி வருவா? ஏதாவது செய்யி. இல்லன்னா வைத்தியநாதன்னு பேரு வச்சுக்காத!"

இதுதான் நான் செய்த பிரார்த்தனை. ஒரு எழுத்துக் கூட்டவில்லை.

திட்டி முடித்து நிமிர்ந்தால் அந்தப் பேனர். அந்தச் சிரிப்பு. எங்கிருந்து வந்ததோ ஒரு வெறி வந்தது. சைக்கிளை ஒரே தள்ளாகத் தள்ளினேன். பஞ்சர் பையில் சின்னக் கத்தி இருந்தது. எழுந்து நின்று கயிற்றை அறுத்தேன். ஒரு முனை, இரண்டாவது முனை. நடுவில் கிழித்தும் விட்டேன். அப்போது ரோட்டில் ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. கையை ஆட்டினேன். வண்டி மெதுவானது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, பேனரை எதுக்குக் கிழிக்க? கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு மனுஷி தள்ளாடுவது அவர் கண்ணில் படவில்லை. கிழிகிற பேனர் பட்டது. மீதிக் கயிற்றையும் அறுத்தேன். பேனர் என் மேல் சரிந்து மூடியது. முதல் முறையாகக் கொஞ்சம் நிழல் கிடைத்தது. அந்தத் தலைவர் படத்துக்குக் கீழே, அவர் சிரிப்பின் நிழலில், நான் நினைவு தப்பினேன்.

அந்த லோடு வண்டிக்காரர் போகிற போக்கில் பந்தல் பொறுப்பாளருக்குப் போன் போட்டிருக்கிறார். தலைவர் பேனரை ஒரு பொம்பள கிழிக்கிறாள் என்று. பத்து நிமிஷம்கூட இருக்காது. பைக் சத்தம். ஒரு ஆண் குரல் கனவில் போலக் கேட்டது.

"ஏட்டி! எவட்டி அவ? எங்க பேனர்லயே கைய வைக்கியா? எந்திட்டி!"

பேனரைத் தூக்கியவர் என்னைப் பார்த்தார். கத்தியவர் குரல் அப்படியே இறங்கிப்போனது. "எம்மா... எக்கா... என்னாச்சு? எக்கா, கண்ணத் தொறங்க!"

நான் சங்கிலியில் தொங்கிய டம்ளரைக் காட்டினேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவர் பெயர் சுப்புராஜ். பிற்பாடு அவரே சொன்னார், அந்தக் கை தன்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது என்று.

அவருடைய பம்ப்செட் அங்கிருந்து இரண்டு காடு தள்ளித்தான் இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள்! கூப்பிடு தூரத்தில் கிணறு. அந்தப் பானைகளை நிரப்ப ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். அவ்வளவு பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் செத்துக்கொண்டிருந்தேன். போன் போட்டுத் தம்பியை வரவழைத்து, இரண்டு பேருமாக என்னைப் பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். அவர் சம்சாரம் பேச்சியம்மாள் மோட்டாரைப் போட்டாள். என்னைத் தொட்டித் தண்ணீரில் கழுத்தளவு உட்காரவைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். ஹெல்மெட்டுக்கு அடியில் கட்ட நான் கம்பெனியிலிருந்து கழிவுப் பேண்டேஜ் துணி கொண்டுபோயிருந்தேன். அதை நனைத்து நனைத்துத் தலையிலும் கழுத்திலும் சுற்றினாள். கண் முழித்த பிறகு உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை ஒரு ஒரு மடக்காகக் கொடுத்தாள். நான் டம்ளரைப் பிடுங்கப் போனேன். விடவில்லை.

அவள் கை எனக்குத் தண்ணீர் கொடுத்தது, வாய் புருஷனைப் பொளந்தது. "ரிப்பன் வெட்டுன அன்னைக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டுப் போனியள்ல. மறுநாள் ஒரு குடம் ஊத்துங்கன்னு சொன்னேன், கேட்டியளா? பேனரைக் கிழிச்சுட்டாவன்னதும் சோத்துத் தட்டுல இருந்து எந்திச்சு ஓடுதிய. தண்ணி இல்லன்னா எவனாவது ஓடுதியளா?"

அம்புட்டும் உண்மை. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்லிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் என்னை வெளுத்து வாங்கினார். "வேர்க்குறது நின்னா சாகப்போறோம்னு அர்த்தம். வேண்டுதலா? இனிமே நாலு பாட்டில் தண்ணியை வச்சுக்கிட்டு வேண்டிக்கோங்க" என்றார். என்னை மாதிரி நோயாளி யாராவது இதைப் படித்தால், அந்த டாக்டரம்மா சொன்னதை என் வேண்டுதலுக்கு மேலே வையுங்கள்.

என் வீட்டுக்காரர் கேட்டார். "நீ பேனரைக் கிழிச்ச, அவன் சண்டைக்கு வந்தான், உன்னைப் பாத்தான். இதுல சாமி எங்க வந்தாரு?"

எங்கே வந்தாரா? சைக்கிளை மேலிருந்து தள்ள முடியாமல் கிடந்தவள், எழுந்து நின்று நான்கு கயிற்றை அறுத்தாளே, அங்கே வந்தார். கட்சிக்கொடி கட்டிய கம்பத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவள் நான். எனக்கு அந்தப் புத்தி எப்படி வந்தது? உதவி கேட்டுக் கையாட்டினால் இந்தக் காலத்தில் எவரும் நிற்க மாட்டார்கள், எதைத் தொட்டால் ஓடி வருவார்கள் என்று சாமிக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் மனுஷர்களைப் பற்றி எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரை வைக்க மறந்தவனையே தண்ணீர் கொடுக்க அனுப்பினார். இதைத் தற்செயல் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த வெயிலில் படுத்துக் கிடந்தது நான்.

அடுத்த பிரதோஷத்துக்குச் சன்னதிக்குப் போனேன். பேச்சியம்மாள் வீட்டில் விட்டிருந்த சைக்கிளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து, விடியுமுன் கிளம்பினேன். சைக்கிளில் மூன்று பாட்டில். அந்தப் பந்தலில் நான்கு பானைகளும் நிரம்பியிருந்தன. கூரைக்குப் புதுக் கீற்று. ஒரு டம்ளர் குடித்தேன். வேண்டுதலும் நிறைவேறியது. சன்னதியில் நின்றபோது திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அழுதேன். தீபாராதனை முடியும்வரை அழுதுகொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாமியை அப்படியெல்லாம் பேசலாமா? பரிகாரம் செஞ்சுரு" என்றார். எதற்குப் பரிகாரம்? சொந்தக்காரரிடம்தானே உரிமையோடு சண்டை போட முடியும்? அவருக்குக் கோபம் வந்திருந்தால் நான் அன்றைக்கே கரிசலில் காய்ந்திருப்பேன்.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. கோடை பிறந்துவிட்டால் விடியற்காலையில் அந்த ஐந்து பந்தல்களையும் சுற்றி வருகிறேன். மூடியைத் திறந்து பார்ப்பேன். காலியாக இருந்தால், காலிப் பானையையும் மேலே சிரிக்கிற முகத்தையும் சேர்த்து ஒரே போட்டோவாக எடுத்து, ரிப்பன் வெட்டிய படம் வந்த அதே குழுக்களில் போடுவேன். இரண்டு குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். சந்தோஷம். மூன்று பந்தல்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது. சுப்புராஜ் தினமும் காலையில் தானே நிரப்புகிறார். அவர் மறந்தாலும் பேச்சியம்மாள் விட மாட்டாள்.

அடியார்களே, கஷ்டம் வந்தால் நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அழுகை வந்தால் அழுது கேளுங்கள், கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள். வைத்தியநாதர் காது கொடுப்பார், நான் சாட்சி. அவர் பேரைச் சொல்லி ஒரு பானையாவது உங்கள் வாசலில் வையுங்கள். வைத்தால் தினமும் நிரப்புங்கள். தீராத நோய்க்கும், போகிற உயிருக்கும் அந்த வைத்தியனைக் கூப்பிடலாம். நம் ஊர் ரோட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்காக ஒருத்தி அவரைக் கூப்பிட்டாள் என்றால், அது நமக்குக் கேவலம்.